ஷவரை அடைத்தது சுண்ணாம்பா, துருவா?

முதலில் ஓர் இழை மட்டும் தனியாகப் பிரிந்து சுவரில் அடிக்கும். அடுத்த வாரம் இரண்டு இழை. இரண்டு மாதத்தில் நடுவில் உள்ள துளைகள் மூடிக்கொள்ள, ஓரத்தில் உள்ளவை மட்டும் அழுதுகொண்டிருக்கும். தலை நிறைய சீயக்காயோ ஷாம்புவோ தேய்த்துவிட்டு அதற்கடியில் நிற்பவருக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்.

இந்தக் கட்டம் வந்ததும் வீட்டில் பேச்சு மூன்று திசையில் போகும். “தண்ணி பிரஷர் இல்ல, பம்பு போடணும்” என்பார் ஒருவர். “ஹீட்டருக்கு வயசாச்சு, மாத்திடலாம்” என்பார் இன்னொருவர். “தண்ணியே சரியில்ல, நல்ல ஃபில்டரா வாங்கணும்” என்பது மூன்றாவது கட்சி. மூன்றுமே நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் வெள்ளி கேட்கும் யோசனைகள். ஆனால் அந்த ஷவரைக் கையால் திருகிக் கழற்றி, சல்லடைத் தட்டைத் திருப்பி, உள்ளே என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க ஒரு காசும் ஆகாது. அங்கே இருப்பது வெள்ளையா, பழுப்பா? அடுத்து என்ன செய்வது என்பதை அந்த நிறமே சொல்லிவிடும்.

வெள்ளையாக, விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்வது சுண்ணாம்புப் படிவு. அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள நமக்குப் பாடப்புத்தகம் வேண்டாம், பத்துமலை போதும். 272 படி ஏறி உள்ளே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, மேலே கூரையிலிருந்து நெற்றியில் ஒரு சொட்டு விழுமே, அந்தச் சொட்டில்தான் எல்லாம் இருக்கிறது.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கும்போது பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வருகிறது. கரைந்த சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது. நீர் பளிங்குபோல இருக்கும். குகையின் கூரையை எட்டியதும் வாயு வெளியேறிவிடும். வாயு போன பிறகு அவ்வளவு சுண்ணாம்பையும் கரைத்து வைத்திருக்க நீருக்குத் தெம்பு கிடையாது, விட்டுவிடுகிறது. அப்படி விட்டது விட்டதாகப் படிந்து தொங்குவதுதான் குகைகளில் நாம் பார்க்கும் கல் விழுதுகள். ஷவரின் துளைகளில் நடப்பதும் இதேதான். குளித்து முடித்த பின் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு தங்கிக் காய்கிறது. காய்ந்த இடத்தில் மெல்லிய வெள்ளை வளையம். நீரைச் சூடாக்கினால் வாயு இன்னும் வேகமாக ஓடிவிடும் என்பதால், ஹீட்டர் இருக்கும் குளியலறையில் இந்த வேலை சுறுசுறுப்பாக நடக்கும்.

நீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருந்தால் அதைக் கடின நீர் என்பது? ஒரு லிட்டரில் கால்சியம் கார்பனேட் கணக்கில் 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120-க்கு மேல் கடின நீர், 180-ஐத் தாண்டினால் மிகக் கடின நீர் என்பது வழக்கமான பிரிவு. 250 மில்லிகிராம் உள்ள நீரில் 40 லிட்டர் செலவழித்து ஒருவர் குளித்தால், அந்த ஒரு குளியலில் 10 கிராம் சுண்ணாம்பு ஷவர் வழியாகக் கடந்து போகிறது. ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். தங்கிவிடும் துளியளவே துளைகளை மூடப் போதும்.

இதனால் உடம்புக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. மலேசியக் குடிநீர்த் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டியவைதான். ஃபில்டர் விற்க வருகிறவர் வேறு விதமாகச் சொல்வார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே நம் நாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். “ஷவர் அடைத்தால் கடின நீர்” என்று இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் மனத்தில் வைத்து எழுதியது. மலேசியாவில் பெரும்பாலான குழாய் நீர் ஆறுகளிலிருந்தும் அணைகளிலிருந்தும் வருகிறது. மழை அதிகம், நீர் பாறையோடு ஊறிக் கிடக்கும் நேரம் குறைவு. அதனால் பெரும்பாலும் மென்னீர்தான். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கும் ஈப்போவுக்கு நீர் தரும் கிந்தா அணைகூட, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல் பகுதியில்தான் இருக்கிறது. கருங்கல் எளிதில் கரையாது.

கடின நீர் நம்மிடம் இல்லாமல் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கு, பெர்லிஸ், கிளந்தானின் குவா மூசாங் போன்ற சுண்ணாம்பு நிலங்களில் கிணறோ ஆழ்குழாயோ போட்டு எடுக்கும் நீர் கடினமாக இருப்பது இயல்பு. அப்படி ஒரு கிணறு இருக்கும் வீடு என் அத்தையுடையது. சிம்பாங் பூலாய் பக்கம், வீட்டுப் பின்புறம் நின்று பார்த்தால் குன்று தெரியும். சமையலறைக்கும் முன் குளியலறைக்கும் அரசாங்கத் தண்ணீர். பின்னால் உள்ள குளியலறைக்கும் தோட்டத்துக்கும், பில் குறையட்டும் என்று மாமா இருந்த காலத்தில் இழுத்த கிணற்றுத் தண்ணீர். பின் குளியலறை ஷவர் அடிக்கடி அடைக்கும்.

சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு சனிக்கிழமை, வரவேற்பறையில் ஓர் இளைஞர் உட்கார்ந்து மேசைமேல் இரண்டு கிளாஸ் வைத்திருந்தார். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் புட்டியில் கொண்டுவந்த “சுத்தமான” நீர். ஒவ்வொன்றிலும் உலோகக் குச்சிகள் உள்ள ஒரு கருவியை இறக்கி, பிளக்கை மாட்டினார். அரை நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, சேறு மாதிரி திரண்டு மிதந்தது. அவருடைய நீர் அப்படியே தெளிவாக நின்றது.

“இதத்தான் அத்தை இத்தன வருஷம் குடிச்சிருக்கீங்க” என்றார்.

அத்தையின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. “பாத்தியாம்மா? ஷவர் ஏன் அடைக்குதுன்னு இப்பத்தான் தெரியுது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். விலை 3,800 வெள்ளி. தவணையில் கட்டலாமாம்.

அந்தப் பரிசோதனை ஒரு வித்தை, அவ்வளவுதான். ஒரு குச்சி இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். பழுப்புச் சேறு வருவது அந்தக் குச்சியிலிருந்து. குழாய் நீரில் இயல்பாக உள்ள தாது உப்புகள் மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கே வேலை நடக்கிறது. ஆர்.ஓ. முறையில் உப்புகள் நீக்கிய நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் தெளிவு. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நான் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, அவருடைய தெளிந்த கிளாசில் போட்டு, “இப்ப இன்னொரு தடவ மாட்டுங்க தம்பி” என்றேன். அதுவும் பழுப்பானது. அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிட்டது.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. கமிஷனுக்கு அலைகிற பிள்ளை. என்னை உறுத்தியது வேறு. கிளாசில் காட்டியது ஆர்.ஓ. நீர். விற்க வந்ததோ வாசலில் நிறுத்தும் ஸ்டீல் ஃபில்டர். உள்ளே மணலும் அதுபோன்ற வடிபொருளும் இருக்கும் அந்த வகை ஃபில்டர் மண்ணையும் துருவையும் பிடிக்கும். நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பைப் பிடிக்காது. சர்க்கரைத் தண்ணீரை வடிகட்டியில் ஊற்றினால் சர்க்கரையா தங்கும்? 3,800 வெள்ளி கொடுத்து மாட்டியிருந்தால்கூட பின் குளியலறை ஷவர் அதே வேகத்தில் அடைத்துக்கொண்டிருக்கும்.

கரைந்த சுண்ணாம்பை எடுக்க, உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் மென்னீராக்கி வேண்டும், அல்லது ஆர்.ஓ. வேண்டும். ஷவரோடு சேர்த்து இப்போது ஆன்லைனில் விற்கும் பஞ்சு ஃபில்டர், வண்ணக் கற்கள் போட்ட கைப்பிடி எல்லாம் அந்த வேலைக்கு ஆகா. துருவுக்குப் பஞ்சு ஃபில்டர் உதவும். மாற்றாமல் விட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

*வீட்டிலேயே பார்த்துவிடலாம்*

அத்தைக்கு விஷயம் முன்பே தெரியும். அதற்குப் பெயர் வைக்கத்தான் தெரியவில்லை. “கெணத்துத் தண்ணியில பருப்பு வேகாதும்மா” என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். சரியான கவனிப்பு. கடின நீரில் உள்ள கால்சியம் பருப்பின் தோலையும் சதையையும் பிடித்து இறுக்குகிறது. எத்தனை விசில் விட்டாலும் கடிபடும்.

இன்னொரு சோதனை: இரண்டு சிறு புட்டிகள். ஒன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீர், பாதிவரை. இரண்டிலும் கட்டிச் சோப்பைச் சீவி ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். மழை நீரில் நுரை பொங்கி நிற்கும். கடின நீரில் நுரை குறைவாக, தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் திப்பி மிதக்கும். பாத்திரம் கழுவும் திரவத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. துணி துவைக்கும் சோப்புக் கட்டிதான் சரி. முடி சொரசொரப்பாக இருப்பதற்கும், குளியலறை ஓடுகளில் சாம்பல் படலம் படிவதற்கும் அந்தத் திப்பியே காரணம்.

அன்று மாலையே பின் குளியலறை ஷவரைக் கழற்றினோம். உள்தட்டு முழுக்க வெள்ளை. மேலே ஒரு சொட்டு வினிகர் விட்டதும் குமிழ் குமிழாக நுரைத்தது. பாறையில் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியே வரும் நுரை அது. நுரைத்தால் சுண்ணாம்பு, வேறு சந்தேகம் வேண்டாம்.

வேலை எளிது. கழற்ற முடிந்த ஷவரை ஒரு கிண்ணத்தில் போட்டு, மூழ்கும்வரை வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான நீரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள். சுவரோடு பொருத்தியதென்றால் ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஷவர் மூழ்கும்படி கட்டி, ரப்பர் பேண்ட் போட்டுவிடலாம். ஒரு மணி நேரம் போதும். நுரை நின்ற பிறகும் வெள்ளை மிச்சமிருந்தால் வினிகர் தீர்ந்துவிட்டது என்று பொருள். மணிக்கணக்கில் ஊறவைத்துப் பயனில்லை, புதிதாக மாற்றுங்கள். 5 விழுக்காடு வினிகர் 100 மில்லி, கணக்குப்படி 4 கிராம் அளவு சுண்ணாம்பைத்தான் கரைக்கும். பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்து, பின்பக்கமிருந்து நீர் பாய்ச்சுங்கள். துளைகள் ரப்பராக இருந்தால் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். ஊசியை எடுக்காதீர்கள், ரப்பர் கிழிந்துவிடும்.

கேக் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூள் இன்னும் சிக்கனம், வாடையும் இல்லை. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி. கொதிக்கும் நீர் வேண்டாம்; அதிகச் சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத வேறொரு வெள்ளைப் பொடியாகிப் படியும். குத்துவிளக்குக்குத் தேய்க்கும் புளியைக் கேட்டார்கள் அத்தை. புளியும் அமிலம்தான், ஆனால் நார் போய்த் துளையில் சிக்கிக்கொள்ளும், வேண்டாம் என்றேன்.

இரண்டு எச்சரிக்கை. வினிகரோ வேறு அமிலமோ இருக்கும் இடத்தில் குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். சிறிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. கழிவறைக்கு ஊற்றும் கடும் ஆசிட்டும் ஷவருக்கு ஆகாது. பளபளக்கும் குரோம் பூச்சை உரித்துவிடும். பொன் நிறம், கறுப்பு நிறம் பூசிய ஷவர் என்றால் வினிகரில்கூட அரைமணிக்கு மேல் விடாதீர்கள். தரை பளிங்குக் கல்லா? அதுவும் சுண்ணாம்பு இனம்தான். வினிகர் சிந்தினால் மினுமினுப்புப் போய்விடும்.

அத்தை வீட்டில் நிரந்தரத் தீர்வாகச் செய்தது ஒன்றுதான். பின் குளியலறைக் குழாயைப் பிளம்பரை விட்டு அரசாங்கத் தண்ணீரோடு இணைத்தோம். கிணறு இப்போது கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் மட்டும்.

*பழுப்பாக இருந்தால்*

தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் இருக்கும் நம்மில் பலருக்கு ஷவரில் கிடைப்பது இதுதான்: பழுப்புப் பொடி, மணல் துகள், கறுப்பு ரப்பர்த் துணுக்கு. வினிகர் விட்டால் நுரைக்காது. பழைய வீடுகளின் உள்குழாய்கள் துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு தேய்ந்ததும் துரு செதில் செதிலாக வரும். தண்ணீர்த் தடை முடிந்து நீர் திரும்ப வேகமாகப் பாயும்போது, குழாயில் படிந்து கிடந்ததெல்லாம் கிளம்பி வீட்டுக் கூரைத் தொட்டிக்குள் இறங்கும், அங்கிருந்து ஷவருக்கு. கறுப்புத் துணுக்கு பெரும்பாலும் நைந்துபோன ரப்பர் வாஷர்; ஷவர் ஹோஸை மாற்றினால் தீர்ந்தது.

கிளந்தானுக்கு ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் மாற்றலாகிப் போன நம் பிள்ளைகளுக்கு இது இன்னும் பழக்கம். அங்கே குடிநீரின் கணிசமான பகுதி நிலத்தடியிலிருந்து வருகிறது. அந்த நீரில் இரும்பும் மாங்கனீசும் உண்டு. காற்றுப்பட்டதும் இரும்பு துருவாகப் படியும். வெள்ளைச் சட்டை மஞ்சளாவதும் ஷவர் பழுப்பாவதும் ஒரே காரணத்தால். இங்கே வாசல் ஃபில்டர் வாங்குவதில் நியாயம் இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்னோட்டமாகக் கழுவினால்.

உதிர்ந்த துகளுக்கு மருந்து ஏதும் வேண்டாம். ஷவரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, சாதாரணத் தண்ணீரைப் பாய்ச்சினால் வந்துவிடும். ஒட்டிய துருக்கறைக்குச் சிட்ரிக் ஆசிட் வினிகரைவிட நன்றாக வேலை செய்யும். தடை முடிந்து நீர் வந்ததும் முதலில் வாசல் குழாயைத் திறந்து தெளியும்வரை ஓட விடுங்கள். குளியலறைக் குழாய் அதற்குப் பிறகு. கூரைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம் என்று நினைவில்லாவிட்டால், கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது.

*ஹீட்டரைக் குறை சொல்லும் முன்*

உடனடிச் சுடுநீர் ஹீட்டர் உள்ள வீடுகளில் ஷவர் அடைப்பு வேடம் மாறி வரும். அடைப்பால் நீர் குறைந்ததும், அதே சூடு குறைந்த நீரில் ஏறுவதால் முதலில் தண்ணீர் சுள்ளென்று சுடும். குழந்தைகளைக் குளிப்பாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓட்டம் இன்னும் குறைந்தால் ஹீட்டருக்குள் இருக்கும் விசை மின்சாரத்தை நிறுத்திவிடும். பச்சைத் தண்ணீர் வரும். “ஹீட்டர் செத்துப்போச்சு” என்று புதிது வாங்குவது இந்தக் கட்டத்தில்தான்.

ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, ஹோஸிலிருந்து ஷவரைக் கழற்றித் தண்ணீரைத் திறந்து பாருங்கள். ஹோஸிலிருந்து நன்றாகப் பாய்ந்தால் குற்றவாளி ஷவர்தான். அப்போதும் சோர்ந்து வந்தால் ஹீட்டருக்குள் நீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலையைப் பார்க்க வேண்டும். துருவும் மணலும் அங்கேயும் தங்கும். சுவிட்சும் தண்ணீர்க் குழாயும் இரண்டும் அடைத்த பிறகே அதைத் தொடலாம். மூடியைக் கழற்றி உள்ளே கைவைக்கும் வேலை பதிவு பெற்றவருடையது. ஹீட்டரில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தி, மின்சாரம் உடனே துண்டிக்கிறதா என்றும் பாருங்கள்.

தீபாவளிக்கோ பள்ளி விடுமுறைக்கோ இரண்டு வாரம் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொன்றும் இருக்கிறது. நம் வெப்பத்தில் ஹோஸிலும் ஷவரிலும் தேங்கிய நீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும்; சுண்ணாம்பும் துருவும் படிந்த சொரசொரப்பில் கிருமிகள் ஒட்டிக்கொள்ள வசதி. 1976-இல் பிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய பிறகு அடையாளம் காணப்பட்ட லெஜியனெல்லா அவற்றில் ஒன்று. நீர்த்திவலைகளோடு மூச்சில் போய் நுரையீரலைத் தாக்கக்கூடியது. ஆரோக்கியமானவர்களுக்கு ஆபத்து குறைவு. முதியவர்களுக்கும் நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அப்படி அல்ல. ஊரிலிருந்து வந்ததும் ஷவரைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து சில நிமிடம் ஓட விடுங்கள். அன்றைய முதல் குளியல் பாட்டியுடையதாக இருக்க வேண்டாம்.